இல்லை, டீச்சர்

கேட்டை அடைத்துவிட்டார்கள். எங்கள் ஆட்டோவுக்கு முன்னால் ஒரு பால் வேன், அதற்கு முன்னால் சிவப்பும் வெள்ளையும் பூசிய நீண்ட கம்பம், அதற்கு அப்பால் வெயிலில் மின்னும் தண்டவாளம். பின்னால் என்னென்ன வந்து நிற்கின்றன என்று திரும்பிப் பார்க்க என் கழுத்து இடம் தராது. ஓசையை வைத்தே கணிக்கிறேன், ஒரு பேருந்து, பல மோட்டார் சைக்கிள்கள், எங்கோ ஒரு குழந்தையின் அழுகை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு மர நிழலுக்குப் போய்விட்டார். என் தங்கை வடிவு இடப்பக்கம் நெருக்கி உட்கார்ந்து, தண்ணீர்ப் பாட்டிலையும் என் மாத்திரைப் பையையும் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். என் மடியில் அந்த உறை. மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட பெரிய வெள்ளை உறை. மடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆகவே மடிக்காமல், இரண்டு கைகளையும் அதன்மேல் பரப்பிவைத்து, விடைத்தாள் கட்டைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொள்வதுபோலப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே இருப்பது என் இதயம் டிரெட்மில்லில் நடந்த நடையின் வரைபடம். மேலே போய்க் கீழே இறங்கி மறுபடி மேலே போகும் கோடு, பக்கம் பக்கமாக. அந்தக் கோட்டைப் பார்த்து டாக்டர் யூசுப் சொன்னதை நான் வரிபிசகாமல் திரும்பச் சொல்ல முடியும். கோடு சில இடங்களில் சற்றே தாழ்ந்திருக்கிறது, ஆனால் நோய் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குத் தாழவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லும் அளவுக்கு நேராகவும் இல்லை. அடைப்பு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். முப்பத்தைந்து ஆண்டுகள் அறிவியலும் கணக்கும் கற்பித்து, அவற்றில் கடைசி எட்டு ஆண்டுகள் தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அரை மதிப்பெண் போடாதவள் என்று ஊரில் எனக்குப் பெயர். ஒன்று சரி, இல்லையேல் தவறு, நடுவில் நிற்பது சோம்பேறிக்கு வசதியான இடம் என்று பிள்ளைகளிடம் சொன்னவளுடைய இதயத்துக்கு நடுவில்தான் இடம் கிடைத்திருக்கிறது.

அந்த டாக்டர் நல்ல பிள்ளை. வயதில் என் மகனாக இருந்திருக்கலாம், எனக்கு மகன் இல்லை, திருமணமே இல்லை, அது இப்போது எதற்கு. அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாக விளக்கினார். உங்களுக்கு இருக்கிற முடக்குவாதம் மூட்டோடு நின்றுவிடுகிற நோய் அல்ல, டீச்சர், ரத்தக் குழாய்களையும் அது விட்டுவைப்பதில்லை, அதனால்தான் இந்தப் பரிசோதனையே செய்யச் சொன்னேன் என்றார். முடக்குவாதம் என்று அவர் சொன்னதில் எனக்குச் சிறு மகிழ்ச்சி, மற்றவர்கள் ஆர்.ஏ. என்கிறார்கள், வடிவு சரவாங்கி என்கிறாள். சரவாங்கி என்று அவள் சொல்லும்போது அது ஏதோ எங்கள் வீட்டில் நெடுநாள் தங்கிவிட்ட உறவுக்காரியைப் போலத் தோன்றும். உண்மையும் அதுதான். இருபது ஆண்டுகளுக்கு மேல் எங்களோடு இருக்கிறாள். காலையில் எனக்கு முன்னால் விழித்துக்கொள்வாள், என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு விட மாட்டாள், வெந்நீரில் கைகளை அமிழ்த்திவைத்து அவளைக் கெஞ்சி அனுப்பிய பிறகுதான் காப்பித் தம்ளரைத் தூக்கலாம். சுண்ணாம்புக்கட்டியைப் பிடிக்க முடியாமல் போன ஆண்டில் அதற்கு ஒரு துணியைச் சுற்றிப் பிடித்து எழுதினேன். பார்த்தவர்கள் தூசிக்காக என்று நினைத்தார்கள், நானும் திருத்தவில்லை. வலியை நான் மணியடித்து வகுப்புக்கு அனுப்பிவிடுவேன். இப்போது உனக்கு நேரமில்லை, போய் உன் இடத்தில் உட்கார். அது போய் உட்கார்ந்துவிடும். உட்காருமே தவிர வீட்டுக்குப் போகாது. இதயம் அவரவர் மூடிய கையின் அளவு என்று பாடத்தில் வரும் இடத்தில், எல்லோரும் வலக்கையை மூடுங்கள், மார்பின் நடுவில், சற்றே இடப்புறமாக வையுங்கள் என்பேன். நாற்பது சிறிய கைகள் நாற்பது மார்புகள்மேல் போய் அமரும், யாரோ ஒருத்தி எப்போதும் வலப்பக்கம் வைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்து மாற்றிக்கொள்வாள். நானும் என் கையை மூடிக் காட்டுவேன். இப்போது உறைமேல் கிடக்கும் இந்தக் கையை மூடிப் பார்க்கிறேன். விரல்கள் பாதிவழியில் நின்றுவிடுகின்றன, ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்திருப்பதுபோல நடுவில் வெற்றிடம். மூடாத கைக்கு என்ன அளவு.

வடிவு பாட்டிலைத் திறந்து நீட்டினாள். ஒரு வாய் குடித்தேன். உன் முகம் வெளிறிப்போய்க் கிடக்கிறது என்றாள். வெயில் என்றேன். இந்தச் சொல்லை இன்று இரண்டாம் முறையாகச் சொல்கிறேன், முதல் முறை சொன்னபோது வெயில் அங்கே இல்லவே இல்லை. அந்தப் பரிசோதனை அறை மார்கழிக் காலைபோலக் குளிர்ந்திருந்தது. பரிசோதனை செய்த பெண், முப்பிடாதி, என் மார்பில் ஒட்டியிருந்த வில்லைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள், தோல் வலிக்காமல், ஓரத்தை நகத்தால் நெகிழ்த்திப் பிறகு மெல்ல இழுத்து. வேர்த்திருக்கு டீச்சர் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். வெயில் என்றேன். அவள் சுவரில் ஓடிக்கொண்டிருந்த குளிரூட்டியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததுதான் இந்த உறையைவிடக் கனமாக என் மடியில் இருக்கிறது. அறைக்குள் நான் நுழைந்தபோது நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து நின்றவள், டீச்சர், என்னைத் தெரியலையா, நான் முப்பிடாதி, ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு என்றவள், பரிசோதனை முடியும்வரை உட்காரவே இல்லை. என்னிடம் படித்தவர்கள் அப்படித்தான், பேருந்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பவள்கூட என்னைக் கண்டதும் எழுந்துவிடுவாள், நான் உட்காரச் சொன்னால் ஒழிய உட்கார மாட்டார்கள், நான் சொல்ல மறந்துவிடுவேன். அவள் எழுந்து நின்றவுடன் என் முதுகு தானாக நிமிர்ந்தது. அதற்கு முந்தைய நொடிவரை நான் வடிவின் தோளில் கைபோட்டு நடந்து வந்த நோயாளி. அதற்குப் பிறகு நான் உலகம்மை டீச்சர். கம்பியப் பிடிச்சுக்கிடுங்க டீச்சர் என்றாள். தேவையில்லை என்றேன். டிரெட்மில்லின் பட்டை நகரத் தொடங்கியது. காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளைகூட சுவரில் சாயக் கூடாது என்று முப்பத்தைந்து ஆண்டுகள் சொன்ன நான் அவள் கண்ணெதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதா. முழங்கால்கள் இரண்டும் எரிந்தன, அவற்றை நான் வகுப்புக்கு அனுப்பினேன். பட்டை சற்றே மேல்நோக்கிச் சாய்ந்தது, வேகம் கூடியது. நடையின் நடுவே அவள் கேட்டாள், குரலில் பணிவோடு, விதிப்படி எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது. நெஞ்சுல வலி, இறுக்கம், ஏதாவது உண்டா டீச்சர்? இல்லை என்றேன். ஓட்டம் கூடியபோது மறுபடி கேட்டாள். இல்லை. அவள் தாளில் ஏதோ குறித்தாள், பேனாவைத் தாள்மேல் சற்று நேரம் தூக்கியபடியே வைத்திருந்துவிட்டு.

இருந்ததா. அதுதான் கேள்வி, அதற்குத்தான் இந்தக் கேட்டடியில், இந்தத் தகரக் கூரைக்குக் கீழே, விடை தேடிக்கொண்டிருக்கிறேன். ஏதோ ஒன்று இருந்தது. மார்பின் நடுவில் ஒரு பிடி, யாரோ உள்ளிருந்து சேலைத் தலைப்பைக் கொத்தாகப் பிடித்ததுபோல. ஆனால் அங்கே பிடி எனக்குப் புதிதா. விலா எலும்புகள் நெஞ்செலும்போடு சேரும் இடங்களும் மூட்டுகள்தாம், சரவாங்கி அங்கேயும் போய் உட்காருவாள், மழைக்காலத்தில் இருமினாலே அந்த இடம் உறுத்தும். ரவிக்கைக்குப் பதிலாக அவர்கள் கொடுத்த அந்த முன்புறம் கட்டும் அங்கியின் நாடாவை வடிவு இறுக்கிக் கட்டிவிட்டாள், அதுவாகவும் இருக்கலாம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு இட்லி மட்டும், வாயுவாக இருக்கலாம். வாயு என்று நினைத்தவுடன் சூரியகலா டீச்சர் வந்து நிற்கிறார், வேண்டாம் என்றாலும் வந்து நிற்கிறார், மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் சோம்புத் தண்ணீர் குடித்துக்கொண்டு, வாயுதான் உலகம்மை, நேத்து மொச்சை தின்னேன் என்று சிரித்துவிட்டு, ஐந்தாம் பாடவேளைக்கு மணியடித்தபோது எழுந்திருக்காதவர். அவருடைய வகுப்பை நான் போய்ப் பார்த்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு அந்தச் சாவு தெரியக் கூடாது என்று அன்று மாலை மணி அடிக்கும்வரை பின்னம் நடத்தினேன். வலிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், ஆய்வுக்கூடப் புட்டிகளில் ஒட்டுவதுபோல. இத்தனை ஆண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே மூடியைப் போட்டு, இப்போது எது எதனுடையது என்று கேட்டால் எப்படிச் சொல்வது. நலமாக இருப்பவருக்கு நெஞ்சில் ஒரு பிடி வந்தால் அது செய்தி. எனக்கு அது நாள்தோறும் வரும் பால்காரன். கதவைத் தட்டுவது யார் என்று பார்க்காமலே பாத்திரத்தை நீட்டிவிடுகிறேன். ஆனால் அது பட்டை நின்ற பிறகு போய்விட்டதே. மூட்டு வலி அப்படி உடனே போகுமா. போகாது. அது நின்ற பிறகுதான் தன் கணக்கைத் தீர்க்கும். இந்த எண்ணம் வந்த இடத்தில் எண்ணம் நின்றுவிடுகிறது, மேலே போக மறுக்கிறது, பழைய இடத்துக்கே திரும்பி, நாடா, இட்லி, விலா என்று மறுபடி தொடங்குகிறது.

வண்டி வருகிறது. வருமுன்பே தரை அதிர்கிறது, அதிர்வு ஆட்டோவின் இருக்கை வழியாக ஏறி என் முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாகத் தட்டிப் பார்க்கிறது. சரக்கு வண்டி. சிமெண்டோ நிலக்கரியோ, மூடிய பெட்டிகள், ஒன்றுபோல ஒன்று, முடிவதாகத் தெரியவில்லை. அந்தத் தடதடப்பில் என் இதயம் துடிப்பது எனக்குத் தெரியவில்லை, தெரியாததால் துடிக்கிறதா என்று மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கிறேன், வீங்கிய மூட்டுக்கு அடியில் நாடியைக் கண்டுபிடிக்க முடியவில்லை, ஒரு கணம் உண்மையாகவே அச்சம். கடைசிப் பெட்டி போயிற்று. மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் உறுமின. கம்பம் எழவில்லை. இன்னொரு வண்டி வருதாம் என்று ஓட்டுநர் வந்து எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவசரமா அம்மா என்று கேட்டார். அவசரமானா பறந்தா போவீரு என்றாள் வடிவு. அவர் சிரித்துவிட்டு மறுபடி நிழலுக்குப் போனார். திரும்பிப் போக முடியாது, பின்னால் பேருந்து, இடப்பக்கம் சாக்கடை, வலப்பக்கம் எதிரே வருகிறவர்களுக்கான வழியையும் அடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள்களும் ஒரு காரும். டாக்டர் சொன்னதும் இப்படித்தான் இருந்தது. அறிகுறி ஒன்றும் இல்லையென்று முப்பிடாதி குறித்திருக்கிறாள், அதை வைத்துத்தான் பேசுகிறேன் என்றார். பெண்களுக்குக் கோடு இப்படிப் பொய்யாகவும் தாழ்ந்து காட்டும், அறிகுறி இல்லாவிட்டால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்கலாம். அறிகுறி இருந்தால் சும்மா விடுவதற்கில்லை, சாயம் செலுத்தி ஆஞ்சியோகிராம் எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும். ஆனால் இத்தனை ஆண்டுகள் விழுங்கிய வலி மாத்திரைகளால் உங்கள் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது, அந்தச் சாயத்தை அது தாங்குமா என்பதும் சொல்வதற்கில்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். அதனால நீங்க சொல்றதுதான் இப்ப முக்கியம் டீச்சர், நடக்கும்போது ஒண்ணும் செய்யலையே? வடிவும் என்னைப் பார்த்தாள். கதவருகே அடுத்த நோயாளியின் தாள்களோடு முப்பிடாதி நின்றிருந்தாள். இல்லை என்றேன். டாக்டரின் தோள்கள் இறங்கின, நிம்மதியில். எனக்கும் நிம்மதி. தேர்வு எழுதி முடித்தவளைப் போல எழுந்து வந்தேன்.

எங்கிருந்து வந்தது அந்த இல்லை. அவ்வளவு விரைவாக, அவ்வளவு சரியான உச்சரிப்போடு. அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பாடவேளையின் முடிவிலும் கேட்டிருக்கிறேன். பாடம் முடிந்ததும் சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டுக் கைகளைத் தட்டி, ஐயம் உண்டா என்று கேட்பது என் வழக்கம். இல்லை, டீச்சர் என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும், முதல் சொல்லை இழுத்து, இரண்டாம் சொல்லில் புத்தகங்களை மூடி. அந்த இல்லையில் பொருள் கிடையாது. மணியடிக்கப் போகிறது, எங்களைப் போக விடுங்கள் என்பது அதன் பொருள். புரியவில்லை என்று ஒருத்தி எழுந்தால் நாற்பது பேரின் முன்னால் எழ வேண்டும், நான் முதலிலிருந்து தொடங்குவேன், மற்றவர்கள் அவளை முறைப்பார்கள். அதைவிட இல்லை எளிது. அது எனக்குத் தெரிந்தே இருந்தது. தேர்வுத் தாள்கள் வரும்போது ஒவ்வொரு ஆண்டும் தெரிந்தது. ஆனாலும் அந்தக் கோரஸ் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது, ஒழுங்காகப் பாடம் நடந்ததற்கு அதுவே சான்று என்று எடுத்துக்கொண்டு நான் வகுப்பை விட்டு இறங்குவேன். இன்று அந்தப் பெண் கேட்டாள், நான் புத்தகத்தை மூடினேன். அவள் கேட்ட கேள்வி என் கேள்விதான், உண்டா என்று முடியும் கேள்வி. என் வாயிலிருந்து வந்தது அவர்களுடைய விடை. பேனா தாளுக்குமேல் நின்றதே, அந்த நேரத்தில் அவள் என்ன நினைத்தாள். இந்த விடையைத் தானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தாளோ. நினைக்காமலும் இருந்திருக்கலாம். அவளுக்கு எத்தனை நோயாளிகள். ஆனால் கதவருகே நின்றபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள், நான் டாக்டரிடமும் இல்லை என்றபோது.

அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு என்று வடிவு பேசத் தொடங்கியிருக்கிறாள், நான் கேட்டுக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொண்டு. வெளியே நின்ற நேரத்தில் அவளிடம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டாள். தாழையூத்துக்குப் பக்கம், இரண்டு பிள்ளைகள், புருஷன் சிமெண்ட் ஆலையில். போன் நம்பரும் வாங்கியாயிற்று. வடிவு போகும் இடமெல்லாம் யாருடைய நம்பரையாவது வாங்கிக்கொண்டுதான் வருவாள், ரேஷன் கடைக்காரர், பூக்காரி, ரயிலில் எதிரே உட்கார்ந்தவர், அந்த எண்களை அவள் எதற்கும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. உன்னயப் பத்தி ஒண்ணு சொன்னா கேட்டியா என்றாள். எங்க டீச்சர் காய்ச்சலோட வந்து பாடம் எடுப்பாங்க, ஒரு நாள் தும்முனதுகூட இல்லன்னா. நான் சொன்னேன், தும்மல் வந்தா அதையும் பெஞ்சு மேல ஏத்திருவா எங்கக்கான்னேன். அவள் தானே சிரித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது. உறைமேல் இருந்த என் கையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், மூட முயன்று மூடாமல் நின்ற கையை. அக்கா, ஒனக்கு நோயிலயும் நூத்துக்கு நூறு வாங்கணும் என்றாள். காத்திருக்கலாம் என்று டாக்டரே சொன்னார். காத்திருந்தால் சிறுநீரகம் தப்பும். சாயம் செலுத்தினால், சிறுநீரகம் கைவிட்டால், வாரத்துக்கு மூன்று நாள் ஊசியும் குழாயுமாக டயாலிசிஸ் படுக்கை. குழாய் செருகுவதற்கும் இந்தக் கைகளில் நரம்பு கிடைக்காது, ரத்தம் எடுக்க வரும் பெண்களே ஒவ்வொரு முறையும் திணறுகிறார்கள். காத்திருந்து, ஒரு மதியம், வாயு என்று நினைத்து, வடிவு சோம்புத் தண்ணீர் கொதிக்கவைக்க அடுக்களைக்குப் போகும் நேரத்தில். அவள் தம்ளரோடு திரும்பி வந்து என்னைக் காண்பாள். கூப்பிடுவாள். பிறகு அந்தச் சோம்புத் தண்ணீரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள். அந்தத் தம்ளர் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது, எவர்சில்வர், விளிம்பில் ஆவி. என் இல்லையை நம்பி அவள் என்னோடு இந்த ஆட்டோவில் ஏறினாள். மருத்துவர் நம்பினார். கோடுகூட என்னால்தான் தெளிவில்லாமல் போயிற்று. அது தன்னால் இயன்றவரை தாழ்ந்து காட்டியது, அதன் பக்கத்தில் எழுதவேண்டிய ஒரு சொல்லை நான் எழுத விடவில்லை.

இரண்டாவது வண்டி விரைவாகப் போய்விட்டது, பயணிகள் வண்டி, சன்னல்களில் முகங்கள். கம்பம் நடுங்கிக்கொண்டே எழுந்தது. ஓட்டுநர் ஓடிவந்து ஏறினார். பால் வேன் நகர்ந்தது, நாங்கள் அதன் பின்னால் நகர்ந்து தண்டவாளத்தின் மேட்டில் ஏறினோம், அங்கேயே நின்றோம். எதிர்ப்பக்கமும் இந்தப் பக்கம்போலவே சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், அவர்களும் நகர்ந்துவிட்டார்கள், இப்போது இரண்டு பக்கத்தாரும் நட்டநடுவில் முகத்துக்கு முகம் நிற்கிறோம். கேட் திறந்திருக்கிறது, யாரும் போக வழியில்லை. எல்லோரும் ஒலிப்பானை அழுத்துகிறார்கள். எங்கள் சக்கரங்களுக்கு இடையே தண்டவாளம். வடிவு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், என்னைக் காப்பாற்றவா தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா தெரியவில்லை, என்னக்கா செய்யுது, ஏதாவது செய்யுதா என்று கேட்டாள். நாக்கு தானாக எழுந்தது. முதல் எழுத்து பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. அதை விழுங்கினேன்.

"அந்தப் பெண்ணுக்குப் போன் போடு," என்றேன்.

"எந்தப் பொண்ணுக்கு?"

"முப்பிடாதிக்கு. இப்போதே."

அவள் போனில் எண்ணைத் தேடினாள். அவள் வாங்கி வைத்த எண்களில் ஒன்று பயன்படும் நாள் வந்துவிட்டது. போனை என் காதில் வைத்து அவளே பிடித்துக்கொண்டாள், என் விரல்களால் அதை நெடுநேரம் பிடிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். மறுமுனையில் அலோ என்ற குரல் கேட்டது. நான் யார் என்று சொன்னவுடன் நாற்காலி நகரும் ஓசை. எழுந்துவிட்டாள்.

"உட்கார், முப்பிடாதி," என்றேன். "உட்கார்ந்து கேள். வலி உண்டா என்று கேட்டாய். நான் சொன்ன விடை தவறு."

தாள்கள் புரளும் ஓசை. அவள் வியப்பாக ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப உண்டுன்னு மாத்திரட்டா டீச்சர்?" என்றாள்.

"உண்டு என்றும் உறுதியாகச் சொல்வதற்கில்லை."

"தாள்ல ரெண்டு கட்டம்தான் இருக்கு டீச்சர். ஆமா, இல்ல. நடுவுல எடம் கெடையாது."

"ஓரத்தில் எழுது."

"ஓரத்துல எழுதுனா நீங்க தாளையே கிழிச்சுப் போடுவீங்கல்லா," என்றாள், குரலில் சிரிப்பு. பிறகு சிரிப்பு அடங்கியது. "சொல்லுங்க டீச்சர். நீங்க சொல்லுத மாதிரியே எழுதுதேன். டாக்டர் உள்ளதான் இருக்காரு, கையோட காட்டிருதேன்."

காட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். திரும்பி வரச் சொல்வார்கள். திரும்புவதற்கு முதலில் இந்தத் தண்டவாளத்தைக் கடந்து, அந்தப் பக்கம் போய், வண்டியைத் திருப்பி, மறுபடி இதே கேட்டில் வந்து நிற்க வேண்டும். பிறகு சாயம். சாயம் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. நான் சொன்னேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை, பக்கத்தில் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் கட்டைவிரலை எடுக்காமல் ஒலிப்பானை அழுத்திக்கொண்டிருந்தார்.

"கேக்கல டீச்சர். சத்தமாச் சொல்லுங்க."

என்னிடம் ஒரு குரல் இருந்தது, கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும் குரல், ஓய்வு பெற்ற பிறகு நான் அதை எடுக்கவே இல்லை. அதை எடுத்தேன். நெஞ்சின் நடுவில் ஒரு பிடி வந்தது என்றேன். பட்டையின் ஏற்றம் கூடியபோது வந்தது. மோட்டார் சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார், அவர் பின்னால் இருந்த பெண்ணும், பால் வேனின் சன்னலிலிருந்து ஒருவரும். ஒலிப்பானிலிருந்து கட்டைவிரல் எடுபட்டது. கழுத்துவரை ஏறியது என்றேன். நின்ற பிறகு போயிற்று. வடிவு பிடித்திருந்த போன் என் கம்மலில் இடித்துக்கொண்டே இருந்தது. முழு ஊரும் கேட்கும்படி என் உடம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், நிறுத்தவில்லை.

"எழுதிவிட்டாயா?"

"'நின்ற பிறகு' வரைக்கும் வந்திருக்கேன் டீச்சர். மெதுவாச் சொல்லுங்க."

"'போயிற்று'," என்றேன். "முற்றுப்புள்ளி. அது மூட்டு வலியா, இதய வலியா," அவள் எழுதி முடிக்கும்வரை நிறுத்தினேன், "என்று, எனக்கு," மறுபடி நிறுத்தினேன், "தெரியவில்லை."